தொட்டி வந்தது, குழாய் வரவில்லை

எனக்குப் பொறுமை கிடையாது. பெருமைக்காகவும் சொல்லவில்லை, வெட்கப்பட்டும் சொல்லவில்லை. சிலருக்கு மூக்கு நீளமாக இருக்கிறது அல்லவா, அதுபோல எனக்கு இது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு அது பொங்கும்வரை பக்கத்தில் நிற்க என்னால் ஆகாது. வாசலுக்கும் அடுப்புக்குமாக நடப்பேன். பால் வழிந்ததும் பால்காரனைத் திட்டுவேன்.

இப்படிப்பட்டவளுக்குப் பகவான் பார்த்துப் பார்த்து ஒரு புருஷனைக் கொடுத்தார். எதைச் சொன்னாலும் "பார்க்கலாம்" என்பார். அரிசி தீர்ந்துவிட்டது என்றால் பார்க்கலாம். ஓடு ஒழுகுகிறது என்றால் பார்க்கலாம். வீடு தீப்பற்றி எரிந்தால்கூட மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு "பார்க்கலாம்" என்பீர்கள் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அதற்கும் சிரித்துக்கொண்டு "பார்க்கலாம்" என்றார். என்ன செய்வது?

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கத்துத் தெரு ஒன்றில் எங்கள் வீடு. வாசலில் நின்று கூப்பிட்டால் கொல்லையில் இருப்பவருக்குக் காது கேட்காது, அவ்வளவு நீளம். நானும் அவரும் எங்கள் ஒரே பெண்ணும், கூட என் கணவரின் அக்காவும் இருந்தோம். அக்காவுக்குச் சின்ன வயதிலேயே கணவர் போய்விட்டார். வீட்டில் மடி, ஆசாரம், அடுப்பு, பாத்திரம் எல்லாம் அவர் ராஜ்ஜியம். விடியுமுன் கிணற்றடியில் குளித்து ஈரப்புடவையோடு உள்ளே போனால், பூஜையும் சமையலும் முடிகிறவரை அவர் மேல் யார் கையும் படக்கூடாது. குழந்தை ஓடிப்போய் முந்தானையைத் தொட்டுவிட்டால் மறுபடி கிணற்றடி, மறுபடி குளியல். குழந்தை வேண்டுமென்றே தொட்டுவிட்டு ஓடுவாள். "போக்கிரி! அத்தையை இன்னிக்கு எத்தனை தரம் முழுக வெக்கப்போறே?" என்று அவர் கத்துவதைக் கேட்பதற்காகவே தொடுவாள்.

யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம். குழந்தைக்கு நாலு வயது. ஒரு ஜுரம் வந்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் வருகிற ஜுரம்தானே என்று கஷாயம் கொடுத்தோம். ஜுரம் இறங்கியது. குழந்தை பாயிலிருந்து எழுந்தாள், ஆனால் வலது கால் எழுந்திருக்கவில்லை.

"இந்தக் கால் தூங்கறதும்மா" என்றாள்.

மரத்துப்போயிருக்கும் என்று தேய்த்துவிட்டேன். தேய்க்கத் தேய்க்க அது என் கையில் ஈரத்துணி மாதிரிக் கிடந்தது.  அந்த நாள் முதல் அந்தக் காலுக்கு எங்கள் வீட்டில் பெயர் "தூங்கற கால்". குழந்தை வைத்த பெயர். நாங்கள் யாரும் அதை மாற்றத் துணியவில்லை.

அடையாற்றில் ஒரு டாக்டர் இருந்தார். யுத்தத்தில் அடிபட்ட சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்துவிட்டுத் திரும்பியவர். ஜட்கா பிடித்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போனோம். அவர் காலைத் தூக்கிப் பார்த்தார், விட்டார், மறுபடி தூக்கினார்.

"தண்ணிக்குள்ள இருந்தா காலோட கனம் தெரியாது. கனம் தெரியலைன்னா குழந்தை தானாவே அசைக்கப் பார்ப்பா. அசைக்க அசைக்கத்தான் சதை பிடிக்கும். தினம் வெந்நீர்ல முங்க வையுங்க. சொம்புல மொண்டு ஊத்தறது உபயோகமில்லை. தொட்டி வேணும்."

"சரியாயிடுமா டாக்டர்?"

"அதை நான் சொல்ல முடியாதும்மா. ஆனா சீக்கிரம் ஆரம்பிக்கணும். விட்டா கால் சூம்பிப் போயிடும். அப்புறம் யார்கிட்ட போனாலும் பிரயோஜனமில்லை."

சீக்கிரம்! யாரிடம் சொல்கிறார்! திரும்பி வரும்போதே அந்தச் சாலையில் ஒரு பங்களா வாசலில் நாற்காலி, மேஜை, பறவைக்கூண்டு எல்லாம் வெளியே கிடந்தன. ஒரு துரை குடும்பம் சீமைக்குப் போகிறதாம், சாமான்களை விற்கிறார்களாம். ஜட்காவை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். நாற்காலிகளுக்குப் பின்னால் ஒரு குளியல் தொட்டி. வார்ப்பிரும்பு, உள்ளே வெள்ளைப் பூச்சு, அடியில் சிங்கத்தின் பாதம் மாதிரி நாலு கால்கள். "பார்க்கலாம்" என்று என் கணவர் வாயைத் திறப்பதற்குள் நான் அதற்கு அச்சாரம் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் தொட்டி மாட்டுவண்டியில் எங்கள் தெருவுக்குள் வந்தது. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டு மாமா, "என்ன, இந்த வருஷம் தெப்போத்சவம் உங்காத்துலேயேவா?" என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்தில், "ஆமாம், நீங்கதான் வடம் பிடிக்கணும், வாங்கோ" என்றேன். பாவம், அவர் உண்மையாகவே வந்து ஒரு பக்கம் பிடித்தார்.

தொட்டி கொல்லையில் இருந்த குளிக்கும் அறையின் கதவுக்குள் நுழையவில்லை. அவர் ஆபீஸிலிருந்து வரட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. தச்சரைக் கூப்பிட்டு நிலையையே பெயர்த்து எடுத்துவிட்டேன். அக்கா சமையலறை வாசலில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"யாரோ வெள்ளைக்காரன் கால் அலம்பின தொட்டி. போகட்டும், தேய்ச்சு அலம்பிக்கலாம். ஆனா தன் உடம்பு அழுக்குத் தண்ணியிலேயே தானே உட்கார்ந்துண்டு இருக்கறதாமே, அதுக்குப் பேர் குளியலாடி?"

"டாக்டர் சொல்லியிருக்கார் அக்கா."

"சொல்லட்டும். நான் அதைத் தொடமாட்டேன்."

தொட்டி வந்துவிட்டது, வெந்நீர்? கொல்லையில் அண்டாவில் காய்ச்சி வாளி வாளியாகத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டினோம். அந்தத் தொட்டியின் வயிறு லேசுப்பட்டதா? கடைசி வாளி போவதற்குள் முதல் வாளி பச்சைத் தண்ணீராக ஆறிக் கிடந்தது. குழந்தை கணுக்கால் அளவு தண்ணீரில் உட்கார்ந்து நடுங்கினாள். எனக்கு இடுப்பு ஒடிந்தது. கரி போட்டு எரிக்கிற செம்பு பாய்லர் ஒன்று எங்களிடம் இருந்தது. அதை அறைச் சுவருக்கு வெளியே ஒரு மேடை கட்டி ஏற்றி, சுவரைத் துளைத்துக் குழாய் போட்டால் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் தொட்டியில் விழும். குழாய்தான் வேண்டும்.

திருவல்லிக்கேணியிலிருந்து குழாய் வேலை செய்கிற பாய் ஒருவர் வந்தார். வாய் ஓயாதவர். அளக்கும்போதும் பேச்சு, வெற்றிலை மெல்லும்போதும் பேச்சு. "எத்தினி தொர வூட்ல பாத்ரூம் போட்டுக்கிறேன் தெர்யுமாம்மா? இது இன்னா பெரிய வேலை? ஈயக் கொழா போட்டுடலாம். வளைச்ச பக்கம் வளையும். என்கிட்டயே சரக்கு கீது. ஒரே நாள்ல முட்ச்சுத் தந்துடறேன்."

ஒரே நாள்! எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. "இப்பவே ஆரம்பியுங்கோ" என்றேன். என் கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பார்க்கலாம். டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுண்டு வந்துடறேன்."

"குழாய்க்குக்கூட டாக்டரா?" என்று நான் போட்ட சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். அவர் காதில் வாங்காமல் போனார். வந்து சொன்னார்: காரீயம் விஷம், அதிலும் வெந்நீர் அதை அரித்துக்கொண்டு வரும், தொட்டியில் உட்கார்ந்த குழந்தை நாலு வாய் தண்ணீர் குடிக்காமல் எழுந்து வராது. பாயும் தலையைச் சொறிந்துகொண்டு, "சுடு தண்ணி போகப் போக ஈயம் தொங்கிப் போவும், அது நெசம்தான்" என்று ஒப்புக்கொண்டார். என் கணவர் 'சொன்னேனா இல்லையா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன். அவர் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

அக்காவுக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரே பேச்சு. "செம்பு போடுங்கோ. தீர்த்தம் வெக்கறது செம்புலதானே? பாய்லரும் செம்பு. அதுக்குச் செம்புக் குழாய்தான் பொருத்தம்." இன்னொரு நிபந்தனையும் இருந்தது. குழாய்த் திருகுக்குள் தோல் வாஷர் இருக்கக்கூடாது. செத்த மாட்டின் தோலைத் தொட்டு வருகிற தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் வரக்கூடாது. இதற்குப் பாய் சண்டைக்கு வருவார் என்று பயந்தேன். "சுடு தண்ணிக்குத் தோலு தாங்காதும்மா, நானே போட மாட்டேன், வேற போடறேன்" என்றார். அக்காவுக்குப் பரம திருப்தி. "அவனுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு" என்றார்.

செம்புக் குழாய் தேடி நான் போகாத இடம் இல்லை. லஸ்ஸில் டிராம் ஏறிப் பட்டணம் முழுக்க அலைந்தேன். குழந்தையை அக்காவிடம் விட்டுவிட்டுப் போவேன். டிராமில் உட்கார முடியாது, நின்றுகொண்டே போவேன், நான் நின்றால் அது வேகமாகப் போகும் என்பதுபோல. கடைக்காரர்கள் சிரித்தார்கள். "செம்பா? எல்லாம் சண்டையில குண்டாப் போயிடுச்சும்மா. கப்பல் வரட்டும்" என்றார் ஒருவர். மாம்பலத்தில் புது வீடு கட்டுகிற ஒருவரிடம் கொஞ்சம் மிச்சம் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஓடினேன். அதை முதல் நாள்தான் சுவருக்குள் வைத்துப் பூசியிருந்தார்கள். ஈரம் காயாத அந்தச் சுவரைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். எனக்குப் பைத்தியம் என்று அந்த வீட்டுக்காரர் நினைத்திருப்பார். வீட்டுக்கு வந்தால் குழந்தை தரையில் கையை ஊன்றி நகர்ந்து வந்து, "குழாய் கிடைச்சுதாம்மா?" என்று கேட்பாள். இரண்டு கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தூங்கற கால் இளைத்துக்கொண்டு வருவது கண்ணுக்கே தெரிந்தது. 

கடைசியில் பாய் இரும்புக் குழாய் கொண்டுவந்தார். பட்டாளத்தில் கழித்துப்போட்ட சாமான். "புத்தம் புதுசும்மா. உள்ளயும் வெளியயும் துத்தநாகம் பூசிக்கீது பாரு. ஜென்மத்துக்கும் துரு புடிக்காது." சாம்பல் நிறத்தில், பனி படர்ந்த மாதிரி பூப்பூவாக இருந்தது. கொல்லையில் துளசி மாடத்துக்கு எதிரே சுவரோரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று போனார். போனவர் போனவர்தான். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், ஆம்பூர் போய்விட்டாராம். நான் தினம் திருவல்லிக்கேணிக்கு நடந்தேன். அவர் வீட்டில் அவர் தாயார் "வந்துடுவான், உக்காரும்மா" என்பார். நான் உட்காராமல் திரும்பி வருவேன். அந்த நாட்களில் வீட்டில் எது எங்கே இருக்கிறது என்றே எனக்கு நினைவில்லை. ஒன்று மட்டும் கவனித்தேன். வருஷத்துக்கென்று வாங்கி வைத்த புளிப் பானை பாதிக்குமேல் காலியாக இருந்தது. "இவ்வளவு புளி எங்கே போச்சு?" என்று கேட்டுக்கொண்டே அன்றைக்கும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஒருவழியாகப் பாய் வந்தார். சுவரைத் துளைத்தார், சணல் சுற்றித் திருகினார், தொட்டிக்கு ஒரு குழாயும் அதிலிருந்து பிரித்து மேலே ஒரு ஷவரும் வைத்தார். ஆள் உயர ஷவர் இல்லை, பாய்லர் மேடை அவ்வளவு உயரம் கிடையாது. தொட்டியில் உட்கார்ந்த குழந்தையின் தலைக்கு மேல் ஒரு முழம். குழந்தை அதற்கு மழை என்று பெயர் வைத்தாள். வெந்நீர் தொட்டியில் ஆவி பறக்க விழுந்தது. அவளை உள்ளே இறக்கினேன். தூங்கற கால் தானாக மேலே மிதந்து வந்தது.

"அம்மா! மேலே வந்துடுத்து! முழிச்சிண்டுடுத்து!"

தண்ணீர்தான் தூக்குகிறது, கால் அசையவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் அழுதேன். பாய் திரும்பிக்கொண்டு ஸ்பேனரைத் துடைத்தார்.

அப்புறம் தினமும் தொட்டி. அக்கா பாய்லருக்குக் கரி போட்டு ஊதுவார், கிணற்றிலிருந்து இறைத்து நிரப்புவார், ஆனால் அறைக்குள் வரமாட்டார். நான் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துகொண்டு "அசை, அசை" என்று உயிரை எடுப்பேன். ஒருநாள் பெருவிரல் அசைந்தது. என் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "பார்க்கலாம்" என்றுதான் சொன்னார். ஆனால் அன்றைக்கு ஆபீஸுக்கு லேட்டாகப் போனார். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனதும் அவர் தன் விரலை அந்தப் பெருவிரலில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஆமாம், இருக்கு. விடாம பண்ணுங்க" என்றார்.

விடாமல்தான் பண்ணினோம். சில வாரம் போனதும் தண்ணீரில் ஒரு மஞ்சள் தெரிந்தது. கிணறு கலங்கியிருக்கும் என்றார் என் கணவர். ஒருநாள் காலையில் குழந்தையைத் தொட்டியில் உட்கார வைத்து, "மழை வருது பார்" என்று ஷவரைத் திறந்தேன். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு திடீரென்று கரகரவென்று இருமிவிட்டு, அவள் தலையில், தோளில், மடியில், சிவப்பாகக் கொட்டியது. வெள்ளைத் தொட்டி முழுக்கச் சிவப்பு.

"ரத்தம்! அம்மா, ரத்தம்!"

அவள் போட்ட கூச்சல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. துரு, வெறும் துரு என்று சொன்னால் நாலு வயதுக்கு என்ன புரியும்? வாரித் தூக்கினேன். என் கழுத்தைப் பிடித்த கையை விடவில்லை. மறுநாள் தொட்டிப் பக்கம் தூக்கிக்கொண்டு போனாலே உடம்பை வில்லாக வளைத்துக் கத்தினாள். அதற்கு மறுநாளும் அப்படியே. மிட்டாய் காட்டினேன், மிரட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் சொன்ன "விடாம" என் மண்டைக்குள் சுத்தியல் போல அடித்துக்கொண்டே இருந்தது. வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். கோவில் குளத்தைச் சுற்றி நடந்தேன். நடந்து என்ன? கால் இளைத்துக்கொண்டுதான் இருந்தது.

பாயை ஆள் விட்டு அழைத்து வந்தோம். குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே சொரசொரவென்று சிவப்பும் கறுப்புமாக உதிர்ந்தது.

"ஜென்மத்துக்கும் துரு பிடிக்காதுன்னு சொன்னீரே! பழைய இரும்பைக் குடுத்து ஏமாத்திட்டீரா?" என்று நான் வாய்க்கு வந்தபடி பேசினேன்.

"அல்லா மேல ஆணைம்மா, புது பைப்பு. நீயும்தானே பாத்தே? இப்டி ஆவவே ஆவாது. உள்ள பூச்சே இல்லியே! இன்னாமோ தின்ட்டுகீது."

சமையலறை வாசலிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "பூச்சா? அந்தச் சாம்பல் கலர்ல ஒட்டிண்டிருந்துதே, அதுவா? அதை நான்தானே எடுத்தேன்."

மூன்று பேரும் திரும்பினோம்.

"எடுத்தேளா?" என்றேன்.

"பின்னே? பட்டாளத்து இரும்பு, எவன் எவன் தொட்டதோ, எங்கே கிடந்ததோ. குழந்தை குளிக்கற தண்ணி அதுக்குள்ளேதானே வரணும்? நீ தினம் திருவல்லிக்கேணிக்கு ஓடிண்டிருந்தே. நான் கெட்டியாப் புளி கரைச்சு உள்ளே ஊத்தி, ரெண்டு பக்கமும் துணியை அடைச்சு வெச்சேன். மறுநாள் கொட்டினா சாம்பலாச் சாம்பலா அழுக்கு வந்தது. மறுபடி ஊத்தினேன். அழுக்கு வரது நிக்கறவரைக்கும் விடலை.  நம்மாத்துப் பாத்திரத்துக்குக்கூட நான் அவ்வளவு புளி போட்டதில்லை."

பெருமையாகத்தான் சொன்னார். பாய் முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "அழுக்கு இல்லம்மா அது. அதுதாம்மா துத்தநாகம்" என்று மெதுவாகச் சொன்னார்.

"உங்க மடி என் குழந்தை காலைத் தின்னுடுத்து!" என்று நான் கத்தினேன்.

இன்றைக்கும் அந்த வார்த்தைக்காக நான் வருத்தப்படவில்லை. அன்று என் மனதில் இருந்தது அதுதான், அதுதான் வாயில் வந்தது.  கழற்றி வைத்த குழாயை ஒருதரம், குழந்தையை ஒருதரம் அக்கா பார்த்தார். உள்ளே போய்விட்டார். என் கணவர் அன்று பார்க்கலாம் என்றுகூடச் சொல்லவில்லை.

மறுநாள் காலை சாமான் அறையிலிருந்து கடகடவென்று சத்தம். போய்ப் பார்த்தால் அக்கா தன் பெரிய செம்புத் தவலையை உருட்டிக்கொண்டு வருகிறார். அவருடைய கல்யாணச் சீர் அது. கழுத்தில் அவர் பெயர் வெட்டியிருக்கும். புக்ககத்திலிருந்து திரும்பி வந்தபோது அவரோடு வந்த ஒரே பொருள். அதில் யாரையும் தண்ணீர் மொள்ள விட்டதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுத் தேய்த்து, கவிழ்த்து வைத்துவிடுவார்.

"அக்கா, எங்கே எடுத்துண்டு போறேள்?"

"உனக்குக் குழாய்தானே வேணும்? வந்து ஒரு பக்கம் பிடி."

மாட வீதியைத் தாண்டி ஒரு சந்தில் செம்புப் பாத்திரம் தட்டுகிறவர் ஒருவர் இருந்தார். ரிக்ஷாவில் தவலை உட்கார்ந்து வந்தது, நாங்கள் இருவரும் பக்கத்தில் நடந்தோம்.  பாத்திரக்காரர் தவலையைத் தட்டிப் பார்த்தார், கனத்தைப் பார்த்தார், பெயரைப் படித்தார்.

"தகடா வெட்டி உருட்டி, ஓரத்தைப் பத்தவைச்சுத் தரலாம்மா. ஆனா வெட்டினா அப்புறம் தவலை இல்லை. ரெண்டு நாள் யோசிச்சிட்டு வாங்களேன்."

ரெண்டு நாளா என்று நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னார். "யோசிச்சாச்சு. வெட்டு."

முதல் வெட்டு விழுந்தபோது அவர் திரும்பிக்கொள்ளவில்லை. நான்தான் அங்கே நிற்க முடியாமல் சந்தின் கோடிவரை போய்விட்டு வந்தேன். எனக்கு நிற்பது எப்போதுமே ஆகாது, ஆனால் அன்றைக்கு அது வேறு.

துண்டு துண்டாக வந்த குழாய்களைப் பாய் கையில் வாங்கிப் பார்த்து, "இது பைப்பா இன்னாம்மா? நகை மாரி கீது. ஓரம் விட்டுச்சுன்னா என்னைக் கேக்கக்கூடாது" என்றார். ஆனால் மற்ற எந்த வேலையையும் விட இதை நிதானமாகச் செய்தார். பேச்சும் குறைவு. தொட்டிக்கு மேலே வந்த துண்டில் அக்காவின் பெயரில் பாதி எழுத்துகள் தெரிந்தன. மறுபாதி சுவருக்குள் போய்விட்டது.

ரொம்ப வருஷம் கழித்து ஒரு இஞ்சினியர் பையன் பேச்சுவாக்கில் சொன்னான், செம்பு பாய்லரோடு துத்தநாகம் பூசிய குழாயைச் சேர்த்தாலே அது அரித்துத்தான் போகும், அதிலும் எங்கள் ஊர் உப்புக் கிணற்றுத் தண்ணீருக்கு நிச்சயம் போகும் என்று. செம்புக்குச் செம்புதான் பொருத்தம் என்று அக்கா சொன்னபோது என்ன நினைத்துச் சொன்னாரோ. புளி அதைச் சீக்கிரமாக்கியது, அவ்வளவுதான். இதை அக்காவிடம் சொல்ல எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அதற்குள் அவர் போய்விட்டார்.

குழாய் வந்துவிட்டது. குழந்தை வரவேண்டுமே! ஷவரைக் கண்ணால் பார்த்ததும் உதடு பிதுங்கியது. நான் தண்ணீரைத் திறந்து காட்டினேன். வெள்ளை வெளேரென்று விழுந்தது. நம்பவில்லை. என் மேலேயே அவளுக்கு நம்பிக்கை போயிருந்தது. அன்றைக்கு மழை வருது என்று சொன்னவள் நான்தானே. அப்போது அக்கா அறைக்குள் வந்தார். குளித்து, மடிப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சமையலுக்குக் கிளம்பியிருந்தவர். இத்தனை நாளில் முதல்தரமாக அந்த நிலையைத் தாண்டினார். கையை நீட்டி ஒரு கை தண்ணீர் பிடித்தார்.

"பாரு, என்ன கலர்?"

"வெள்ளை."

"அத்தை தவலைக்குள்ளேர்ந்து வரது. அதுல ரத்தம் வருமா?"

குழந்தை யோசித்தாள். "நீ இங்கேயே நில்லு. அப்பதான் நான் உட்காருவேன்" என்றாள்.

அக்கா நின்றார். தொட்டியைத் தொடாமல், சுவரோரமாக, புடவையைக் கையால் பிடித்துக்கொண்டு. மறுநாளும் நின்றார். அதற்கப்புறம் சமையல் தினமும் தாமதம்தான். என் கணவர் ஆபீஸுக்கு மோர் சாதம் மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போன நாட்கள் உண்டு. பெருவிரல் மறுபடி அசைய எத்தனை நாள் ஆயிற்று என்று நான் கணக்கு வைக்கவில்லை. எண்ணினால் பைத்தியம் பிடித்திருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை. நான் துண்டு எடுக்கத் திரும்பியிருந்தேன். பின்னால் சளாரென்று ஒரு சத்தம். அக்காவின் அலறல்.

"ஐயையோ! மடி போச்சு! அடி போக்கிரி, இப்பத்தானேடி முழுகிட்டு வந்தேன், அடுப்புல உலை கொதிக்கறது, பூஜைக்கு..."

திரும்பினேன். அக்காவின் முகம், கழுத்து, புடவை முழுக்கத் தொட்டித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. குழந்தை தொட்டிக்குள் நனைந்த தலையோடு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், திட்டு விழும் என்று. அக்கா பாதியில் நிறுத்தினார். முகத்தைத் துடைக்கக்கூட இல்லை.

"எந்தக் கால்டீ அது, அடிச்சது?"

"தூங்கற கால், அத்தை."

எனக்குக் கையில் இருந்த துண்டு எங்கே விழுந்தது என்று தெரியாது. அக்கா ஈரப் புடவையோடு வந்து தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார்.

"இன்னொரு தரம் அடி" என்றார். "என் மேலே படட்டும்."